ஒளிக்கு உரிமை கோரிய இருவர்

(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி என்றதும், "இதை முதலில் செய்தவர் யார்?" என்ற பேச்சு எழுவது இயல்பு. அமெரிக்கத் தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைப் பற்றியும் அப்படி ஒரு வழக்கு உண்டு. அதைச் சற்றே சிந்திப்போம்.

ஐரோப்பாவின் பழைய பேராலயங்களில் நிறக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் இணைத்து, புனிதர்களின் முகத்தையும் ஆடை மடிப்பையும் அவற்றின்மேல் தீட்டினார்கள். தீட்டிய இடத்தில் ஒளி மங்கியது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த நியூயார்க் ஓவியர் ஜான் லா ஃபார்ஜ் வேறு வழி கண்டார். பால் கலந்தாற்போல் பல நிறம் காட்டும் கண்ணாடியை அடுக்கி, கண்ணாடியின் நிறத்தையே ஓவியமாக்கினார். 1880-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

அடுத்த ஆண்டே, பெரும் நகை வணிகரின் மகனான லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபானியும் இவ்வகைக் கண்ணாடி வேலைக்குக் காப்புரிமை பெற்றார். அறிமுகமானவர்கள் போட்டியாளர் ஆயினர். லா ஃபார்ஜின் கம்பெனி 1885-ல் முறிந்தது. ஆயினும் 1889-ல் பாரிஸ் கண்காட்சியில் அவரது சன்னலைக் கண்ட பிரெஞ்சு அரசு அவரைக் கௌரவித்தது. டிஃபானியோ 1893-ல் சிகாகோ கண்காட்சியில் ஒரு சிற்றாலயத்தையே அமைத்துக் காட்டினார். புகழ் அவர் பக்கம் சாய்ந்தது.

ஆனால் அந்தக் கண்ணாடியைத் தேர்ந்து வெட்டிய கைகள் யாருடையவை? 1892-ல் ஆண் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, டிஃபானி பெண்களுக்கென ஒரு பிரிவை ஏற்படுத்தினார். கிளாரா டிரிஸ்கால் என்ற பெண்மணி அதற்குத் தலைமை தாங்கினார். எந்தத் துண்டு வானம், எந்தத் துண்டு ஆடை என்று பார்த்து எடுத்தவர்கள் அப்பெண்கள். 1900-ல் பாரிஸில் பரிசு பெற்ற தும்பி விளக்கை வடிவமைத்தவரும் கிளாராவே. உலகம் அதை டிஃபானி விளக்கு என்றே அறிந்தது. அவர் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களை ஆராய்ந்த பின்பே, 2007-ல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சியில் அவர் பெயர் வெளிச்சத்துக்கு வந்தது.

டிஃபானியின் நிறுவனம் 1932-ல் நொடித்தது. மறு ஆண்டு அவரும் மறைந்தார். ரசனை மாறியதால் பல சன்னல்கள் கழற்றப்பட்டன. இன்று அவற்றை அருங்காட்சியகங்கள் போற்றுகின்றன.

அன்பர்களே, பொழுது சாய்ந்தால் லா ஃபார்ஜின் சன்னலும் இருட்டு, டிஃபானியின் சன்னலும் இருட்டு. ஒளி இருவருக்கும் சொந்தமன்று; அது இறைவன் தருவது. நம் ஆலயக் கல்வெட்டில் பெயர் பொறிப்பது முறையே. அதோடு சுண்ணாம்பு குழைத்தவர், மணல் சுமந்தவர், பீடம் துடைத்தவர் யார் யார் என்று நம் முதியோரைக் கேட்டு, அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே எழுதிவைப்போம். அவர்களுக்காகவும் நூறாண்டு கழித்து யாரோ கடிதம் தேட வேண்டிய நிலை வராதிருக்கட்டும்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!