அந்த நாலு செகண்டுக்குள்ள ஒரு மனுஷன்

இன்னைக்கு ஸ்டண்ட் பத்திப் பேசப் போறோம். அதுக்கு முன்னாடி எங்க ஊர்க் கதை ஒண்ணு.

நான் முதுகுளத்தூர்க்காரன். ஒன்பது வயசுல ஒரு சண்டைப் படம் பாத்துட்டு, நானும் மாமா பையனும் கண்மாய் மதகு மேல இருந்து குதிச்சோம். கீழ வைக்கோல் பரப்பியிருந்தோம். நான் வைக்கோல்ல விழுந்தேன். மச்சான் ஒரு அடி தள்ளி, வெறும் தரையில. கை முறிஞ்சு, பரமக்குடிக்குப் போய் மாவுக்கட்டு. "படத்துல அவனுக்கு ஒண்ணும் ஆகலையே அத்தை"ன்னு நான் அழுதேன். அத்தை சொன்னாங்க: "அங்கயும் எவனோ ஒருத்தன் விழுந்திருப்பான்டா."

அந்த 'எவனோ ஒருத்தன்' யாருன்னு ரொம்ப நாள் நான் யோசிக்கவே இல்ல.

2025 ஜூலை 13. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடி. பா. ரஞ்சித் இயக்கும் 'வேட்டுவம்' படப்பிடிப்பு. ஒரு கார் சரிவுப் பலகையில ஏறி, காத்துல புரண்டு விழணும். ஓட்டினவர் ஸ்டண்ட் கலைஞர் எஸ்.எம். ராஜு. கார் ஸ்டண்ட்டில் பல வருஷ அனுபவம் உள்ளவர். கார் புரண்டது. அவர் உயிரோட திரும்பல. அந்த வீடியோவ நம்மள்ல நிறைய பேர் போன்ல பாத்தோம்.

கார் புரள்றது எப்படின்னா, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சரிவுல ஏறும். வேகத்துல அந்தப் பக்கம் தூக்கிக்கிட்டு வண்டி உருளும். கூரை நசுங்காம இருக்க உள்ள இரும்புக் கூண்டு, உடம்பை இறுக்கிப் பிடிக்கிற பெல்ட், ஹெல்மெட், இதெல்லாம் வேணும். வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் கார் விழுற விதமே மாறிடும். 'கேசினோ ராயல்' (2006) படத்துல ஒரு கார் ஏழு தடவை உருண்டு கின்னஸ்ல ஏறுச்சு. அதுக்குள்ளயும் நிஜமாவே ஒரு டிரைவர் இருந்தார்.

ராஜு இறந்ததுக்கு அப்புறம், நடிகர் அக்‌ஷய் குமார் நாடு முழுக்க சுமார் 650 ஸ்டண்ட் கலைஞர்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கார்னு செய்தி வந்துச்சு. நல்ல மனசு. ஆனா ஒரு தொழிலாளியோட பாதுகாப்பு ஒரு நடிகரோட நல்ல மனசை நம்பி இருக்கலாமா?

அங்கீகாரமும் லேட்டாத்தான் வருது. சண்டை அமைப்புக்குன்னு தேசிய விருது 2017-லதான் ஆரம்பிச்சாங்க. 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் வாங்கினார். ஆஸ்கர்ல இன்னும் லேட், 2027-ல வர்ற படங்களுக்குத்தான்.

"டூப் போடாம நடிச்சார்"னு ஹீரோவைக் கொண்டாடுறோம். டூப் போட்டவருக்கு என்ன பேர்னு கேக்க மாட்டோம். அடுத்த தடவை தியேட்டர்ல கடைசிப் பெயர்கள் ஓடும்போது ரெண்டு நிமிஷம் உக்காருங்க. ஃபைட்டர்ஸ்னு ஒரு வரிசை வரும். படிங்க.

மச்சானோட கை இன்னும் முழுசா நீளாது. அது சும்மா விளையாட்டு. இவங்களுக்கு அது சோறு.

அடுத்த எபிசோடுல பாக்கலாம்.