விளையாட்டு இயந்திரமும் நம் இளைஞரும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கைப்பேசி விளையாட்டைக் கண்டிக்கவே தலைமையாசிரியர் எழுந்துள்ளார் எனப் பின்வரிசைத் தம்பிகள் அஞ்ச வேண்டா. அதனை ஆக்கும் வழியைப் பற்றியே பேச வந்துள்ளேன்.

திரையில் ஒரு பந்து விழுகிறது, சுவரில் மோதித் திரும்புகிறது, ஓசை எழுகிறது. இவற்றை ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுத வேண்டுவதில்லை. விழுதல், மோதல், ஒளி, ஒலி ஆகியவற்றுக்கான நிரல்களை ஒருங்கே அமைத்துத் தரும் மென்பொருளையே கேம் எஞ்சின் என்கின்றனர். கதையும் படமும் ஆட்ட விதியும் நாம் கொண்டு செல்ல வேண்டியவை. ஒருமுறை ஆக்கியதைச் சிறு மாற்றங்களுடன் கணினிக்கும் கைப்பேசிக்கும் பிற கருவிகளுக்கும் அனுப்பலாம்.

கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து 2023இல் வெளிவந்த ‘வெண்பா’ என்னும் விளையாட்டு யூனிட்டி என்ற எஞ்சினில் ஆக்கப்பட்டது. குடிபெயர்ந்த தமிழ்த்தாய் ஒருத்தி, கிழிந்துபோன சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்லி அவிக்கிறாள். அதற்கு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. நம் தெருவின் அடுப்பும் பறையும் எந்த விளையாட்டில் வந்துள்ளன? பிறர் வந்து சொல்வார் என்று நான் நம்பவில்லை.

ஆனால் கருவி யாருடையது என்பதையும் காண வேண்டும். விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கைக்கேற்ப, ஒரு வரம்புக்கு மேல் கட்டணம் என 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம் அறிவித்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2024இல் அதனைக் கைவிட்டது. குத்தகை நிலத்தில் பயிரிட்ட நம் முன்னோர்க்கு இவ்வச்சம் புதிதன்று.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் இருவரும் உருவாக்கிய கோடோ என்னும் எஞ்சின் 2014இல் பொதுவுடைமையாக வெளியிடப்பட்டது. அதற்குக் கட்டணமில்லை, விற்ற பணத்தில் பங்குமில்லை, அதன் உள்ளமைப்பையே படித்துத் திருத்தலாம். (சாமுவேல் பெக்கெட் பிரெஞ்சில் எழுதிய நாடகத்திலிருந்து வந்த பெயர், நம் ஊரில் பிரெஞ்சு படித்த முதியோர் அறிவர்.) ஆண்டிராய்டு கைப்பேசியிலேயே இயங்கும் பதிப்பும் உண்டு. எல்லாம் இலவசம் என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன்: கூகுளின் கடையில் வைக்க ஒருமுறை 25 டாலரும், ஆப்பிளின் கடையில் வைக்க ஆண்டுதோறும் 99 டாலரும் செலுத்த வேண்டும். இணைய உலாவியில் ஆடுமாறு ஆக்கினால் அச்செலவு இல்லை.

இளமையில் தட்டச்சு பயில விரும்பினேன். மாதக் கட்டணம் செலுத்த இயலாது, அட்டையில் எழுத்துகளை வரைந்து விரல்களைப் பழக்கினேன். பின்னொரு நாள் உண்மைப் பொறியின்முன் அமர்ந்தபோது எழுத்துகளின் இடம் தெரிந்தது; விசையை அழுத்தும் வலு விரலுக்கு இல்லை. அட்டை என்றும் எதிர்த்து நின்றதில்லையே! இன்றைய பிள்ளைக்கு உண்மைக் கருவியே கையில் உள்ளது.

சங்கப் படிப்பகத்திலுள்ள கணினியில் கோடோவை நிறுவி, ஞாயிறு மாலைகளில் கற்றுத்தர என் முன்னாள் மாணவி ஒருவர் இசைந்துள்ளார். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். முதல் வாரத்தில் பந்து சுவரில் மோதித் திரும்பினால் போதும்.