‘வயசாயிடுச்சு’ என்று விட்டுடாதீங்க!



இருபதுகளில் இருக்கிற ஓர் ஆள் முதுமையைப் பற்றிப் பேச வந்தால், “உனக்கென்ன தெரியும்?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். எனக்கு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் அப்பத்தா.

கொஞ்சம் நடந்தாலே அவருக்கு மூச்சு வாங்கும். காலையில் எழுந்ததும் தலை கனக்கும். கேட்டால், “வயசாயிடுச்சுய்யா, வேற என்ன?” என்பார். நாங்களும் சரிதான் என்று இருந்துவிட்டோம். ஒருநாள் வீடு தேடி வந்த சுகாதாரப் பணியாளர் இரத்த அழுத்தம் பார்த்தார். மேல் அளவு 190! மருத்துவரைப் பார்த்து மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் தலைகனம் போய்விட்டது. ஆனால், பல வருடம் கவனிக்காமல் விட்ட அழுத்தம் சிறுநீரகத்தைக் கொஞ்சம் பாதித்திருந்தது. அது திரும்பவில்லை.

எது வயது, எது நோய்? இது தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு முதலில் நம் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

செல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. சிவப்பணுக்கள் சுமார் 120 நாள்தான் வாழும். குடலின் உள்சுவர் செல்கள் சில நாள்களிலேயே மாறிவிடும். பழைய செல் போக, புதிய செல் வர வேண்டும். அதற்காகச் செல்கள் இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கின்றன.

இப்படி எத்தனை முறை பிரியலாம்? 1961-இல் அமெரிக்காவைச் சேர்ந்த லெனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் என்ற இரு விஞ்ஞானிகள் மனிதச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். சுமார் 50 முறை பிரிந்ததும் அவை நின்றுவிட்டன.

காரணம் பிறகு தெரிந்தது. புடவை முந்தானையில் நூல் பிரியாமல் இருக்கக் குஞ்சம் கட்டுகிறோம் இல்லையா? அதுபோல நம் மரபணுத் தொகுப்பான குரோமோசோம்களின் நுனியிலும் ஒரு காப்பு இருக்கிறது. அதன் பெயர் டெலோமியர். செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது கொஞ்சம் தேயும். ரொம்பத் தேய்ந்ததும் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். டெலோமியர் குரோமோசோமை எப்படிக் காக்கிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2009-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

“அப்படின்னா அந்த நுனியை வளர்க்க ஒரு மாத்திரை போட்டா போதுமே?” என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் அந்த நுனியை வளர்த்துக்கொண்டுதான் முடிவில்லாமல் பெருகுகின்றன. ஆகவே, ‘இளமை திரும்பும்’ என்று விளம்பரம் செய்யும் பொடிக்கும் மாத்திரைக்கும் பென்ஷன் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீங்க.

வேலை செய்யாத செல்கள்

பிரிவதை நிறுத்திய செல்கள் எல்லாம் உடனே அழிவதில்லை. சில அப்படியே தங்கிவிடும். வேலைக்கும் போகாமல், வீட்டையும் விட்டுப் போகாமல், அக்கம்பக்கத்தில் சண்டை இழுக்கிற ஆள் மாதிரி, இவை அழற்சியை உண்டாக்கும் பொருள்களைச் சுரந்து பக்கத்துச் செல்களையும் கெடுக்கும். வயது கூடக் கூட இவை சேர்ந்துகொண்டே போகும்.

இது போதாதென்று வெளியிலிருந்தும் அடி விழுகிறது. புகையிலையும் கடும் வெயிலும் மரபணுவைச் சேதப்படுத்தும். இரத்தத்தில் அதிகமாக இருக்கும் சர்க்கரை, புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை நோயாளிகளுக்கு எடுக்கும் எச்பிஏ1சி பரிசோதனை, சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்றுதான் பார்க்கிறது. சிவப்பணு சில மாதத்தில் மாறிவிடும். ஆனால் கண் வில்லையிலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் உள்ள புரதங்கள் பல வருடம் அப்படியே இருப்பவை. அங்கே சேரும் சேதம் லேசில் போகாது.

ஆக, செல்லின் கணக்கை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் சேதம் சேரும் வேகத்தைக் குறைக்க முடியும். அது பெருமளவு நம் கையில்தான் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் போதும்.

நடையோடு தசைக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து பாருங்கள். முடியாவிட்டால் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். தசை வலுவாக இருந்தால் கீழே விழுகிற ஆபத்து குறையும்.

இரவில் வெறும் கஞ்சியோடு முடித்துக்கொள்ளாதீர்கள். பருப்பு, பயறு, முட்டை, மீன் என்று ஏதாவது ஒரு புரதம் தட்டில் இருக்கட்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்!

புகையிலையை எந்த வயதில் விட்டாலும் லாபம்தான். நல்ல தூக்கமும், நாலு பேரோடு பேசிச் சிரிப்பதும் மருந்துக்குச் சமம்.

வாசலுக்கு வரும் சேவை

முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பரிசோதனையும் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. மருத்துவ ஆலோசனைக்கு 104, மூத்த குடிமக்களுக்கான உதவிக்கு 14567 ஆகிய எண்களை அழைக்கலாம்.

அடுத்த முறை சுகாதாரப் பணியாளர் உங்கள் வாசலில் நின்றால், “எனக்கு ஒண்ணும் இல்லம்மா” என்று அனுப்பிவிடாதீர்கள். கையை நீட்டுங்கள். இரண்டே நிமிட வேலை. இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: வீட்டில் பெரியவர்கள் “வயசாயிடுச்சு” என்று சொன்னால், தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். அழைத்துக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்யுங்கள். நாங்கள் அதைச் சில வருடம் முன்பே செய்திருக்கலாம்.

அப்பத்தா இப்போது தினமும் மாலையில் கண்மாய்க்கரை வரை நடக்கிறார். மாத்திரையை மறந்தால் நான் போனில் திட்டுகிறேன். பதிலுக்கு அவர், “நீ நேரத்துக்குத் தூங்குனியா?” என்று என்னைத் திட்டுகிறார். அவர் கேட்பதும் சரிதானே!