தேம்ஸ் நதியும் நிலையாத கணக்கும்

1953ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் இரவு வடகடல் பொங்கிற்று. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலண்டன் மாநகரின் நடுப்பகுதி அரிதில் தப்பியது. அதன் பயனாக, வூல்விச் என்னுமிடத்தில் தேம்ஸ் நதிக்குக் குறுக்கே, வேண்டும்போது எழுப்பி மூடத்தக்க உருக்குக் கதவுகள் கொண்ட தடுப்பு அமைந்தது. அது இயங்கத் தொடங்கிய ஆண்டு 1982. இடையிற் கழிந்தவை இருபத்தொன்பது ஆண்டுகள்! நேயர்கள் இவ்வெண்ணை நினைவில் வைத்திருத்தல் நன்று.

அத்தடுப்பு 2030 வரை போதுமென முதலில் மதிக்கப்பட்டது. பிந்திய ஆய்வோ 2070 வரை தாங்குமென்றது. அதன்பின் என்ன செய்வது? பெரியதொரு தடுப்பை இப்பொழுதே கட்டி, கடல் மெல்ல உயருமாயின், பெரும்பொருள் வீணாகும். பொறுத்திருந்து, கடல் விரைந்து உயருமாயின், நகரம் நீரில் மூழ்கும். அறிஞர் தந்த எண்களும் ஓரிடத்தில் நிற்கவில்லை. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் உச்ச நீர்மட்டம், மிக மோசமான நிலையில், 4.2 மீற்றர் உயரலாமென ஒருகால் கருதினர்; புயல் உந்தும் கடற்பெருக்கைப் பற்றிய புதிய கணிப்பு வந்ததும் அது 2.7 மீற்றராகக் குறைந்தது. பெரும்பாலும் எதிர்பார்க்கப்பட்ட கடல்மட்ட உயர்வோ 90 சென்ரிமீற்றர்.

2012இல் பிரித்தானிய அரசாங்கம் ஏற்ற தேம்ஸ் முகத்துவாரத் திட்டம், இவற்றுள் எது மெய்யென்று பந்தயங் கட்டவில்லை. நீர் இவ்வளவு உயர்ந்தால் கரைச்சுவர்களை உயர்த்துவது, மேலும் உயர்ந்தால் புதிய தடுப்பு என வேலைகளை வரிசைப்படுத்திற்று. ஒவ்வொன்றும் முடிய எத்தனை ஆண்டு செல்லுமெனப் பின்னோக்கி எண்ணி, முடிவெடுக்க வேண்டிய காலத்தைக் குறித்தது. 2070இல் புதிய ஏற்பாடு இயங்க வேண்டுமாயின், அதனை 2040க்குள் தெரிவுசெய்தாக வேண்டும். முப்பது ஆண்டு மிகையன்று. பழைய தடுப்பே அதற்குச் சான்று.

கடல்மட்டத்தை ஓயாது அளந்து திட்டத்தைக் காலந்தோறும் மீளாய்வு செய்வதும் ஏற்பாடு. 2023இல் வெளியான திருத்தத்தில், தடுப்புக்கு மேற்புறமாக நகரினுள் உள்ள கரைச்சுவர்களை உயர்த்தும் வேலை 2065இலிருந்து 2050க்கு முன்தள்ளப்பட்டது. திட்டம் தவறிவிட்டதென இதனைக் கண்டு சிலர் நகைக்கக்கூடும். நாள் நகர்வதற்கு இடம் வைத்தே அது வகுக்கப்பட்டது என்பதை அவர்கள் அறியார்.

ஆயினும் காத்திருப்பதற்கும் விலையுண்டு. நாளைய சுவருக்கான நிலத்தை இன்றே ஒதுக்கிவைக்க வேண்டும். இலண்டன் ஆற்றங்கரை நிலத்தின் பெறுமதி யாவரும் அறிந்ததே. வீடு கட்டுவோர் அதனை விரும்பிக் கேட்பர். அடுத்த தேர்தலை நோக்கும் நகரசபை உறுப்பினருக்கோ 2050 வெகுதொலைவு. அங்கு மாடிவீடுகள் எழுந்துவிட்டால், பின்னர் எத்துணை நுண்ணிய கணிப்பு வந்தாலும், சுவரை உயர்த்த இடமிராது.