படைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு



திருப்பருத்திக்குன்றத்துப் பிள்ளைகள் படையிற் சேர விரும்பி, விடியுமுன் வேகவதிக் கரையில் ஓடிப் பழகுவதைக் காண்கிறோம். மகிழ்ச்சியே. ஆயினும் 2023 முதல் தரைப்படையில் ஓட்டத்திற்கு முன்பே எழுத்துத் தேர்வு வந்துவிட்டது. காலுக்கு முன் கணக்கு!

2022இல் வந்த அக்னிவீர் திட்டத்தில் பொதுப்பணி வீரராகப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 விழுக்காடும், பாடந்தோறும் 33ம் வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கும் இடமுண்டு. அஃது உணவுக்கூடத்திலும் துப்புரவிலும் உள்ள இடம். தொழிலில் இழிவில்லை; ஆனால் நம் பாட்டன் கையில் திணிக்கப்பட்ட துடைப்பம் பேரனைப் பாசறை வரை தொடர வேண்டுமா?

பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப்பள்ளியில் ஆசிரியரும் ஆவார். அவ்வீட்டிற்குக் கல்வி அவ்வழியே வந்தது. 1892இல் மகர்களைச் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்திற்று. பல்லாண்டு முறையீடுகளுக்குப் பின் 1941இல் மகர் ரெஜிமெண்டு அமைந்தது.

இன்று வாயில் திறந்திருக்கிறது. பணியோ நான்கே ஆண்டுகள். நால்வரில் ஒருவர் வரையே நிலைபெறுவர். மற்றையோர் சேவை நிதியோடு இளவயதிலேயே ஊர் திரும்புவர். அப்பொழுது அடுத்த வேலை கேட்பது சான்றிதழையே. பதினேழரை வயதில்தான் படை ஏற்கிறது; மேனிலைக் கல்வி முடியும் வயதும் ஏறத்தாழ அதுவே. முடித்துவிட்டே புறப்படுங்கள், தம்பிகளே.