டெட்லைன்: உயிரைக் கேட்ட கோடு

"நாளைக்கு டெட்லைன்"னு சாதாரணமா சொல்றோம். ஆனா இந்தச் சொல் முதல்ல குறிச்சது நேரத்தை இல்லை, தரையில இருந்த ஒரு எல்லையை.

1864, அமெரிக்க உள்நாட்டுப் போர். ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் சிறைமுகாம். மதிலுக்குச் சுமார் 19 அடி உள்ளே தாழ்வான ஒரு மரவேலி. அதுக்குப் பேரு 'டெட் லைன்'. தாண்டின கைதியைக் காவலர்கள் சுடலாம். அங்கே அடைக்கப்பட்ட சுமார் 45,000 வடதரப்பு வீரர்களில் ஏறக்குறைய 13,000 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் நோயாலும் பட்டினியாலும். போருக்குப் பின் முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸ் மீது நடந்த விசாரணையில் இந்தக் கோடும் பேசப்பட்டது. 1865 நவம்பரில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் இதே சொல்லைப் பயன்படுத்தினாங்க. இடத்தின் எல்லை, நேரத்தின் எல்லையாச்சு.

அன்னைக்குத் தாண்டினவங்களுக்கு உயிரே போச்சு. இன்னைக்கு நாம இன்னும் ரெண்டு நாள் கேட்டு வாங்கிக்கலாம்.