ஆஃபர் லெட்டர் காலம்

ஆவடியை அடுத்த வெள்ளானூரைச் சுற்றி எழுந்துள்ள பொறியியல் கல்லூரிகளில், கம்பெனிகள் நேர்முகத் தேர்வுக்கு வரத் தொடங்கியதும், இறுதியாண்டுப் பிள்ளைகளின் சம்பாஷணை முழுவதும் ஆஃபர் லெட்டர் என்ற ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுழல்வதை, இவ்வட்டாரத்தில் விடுதிக் காப்பாளனாக நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில் நான் அறிவேன். சமூக ஊடகமும் மாணவர் மனநலமும் என்று வானொலி நிலையத்தார் தந்த விசாலமான தலைப்பில் எனக்குப் பேசத் தெரிந்த பகுதியும் அதுவே.

முதல் கம்பெனியில் தேர்வாகாத ஒரு மாணவன், படிப்பில் சோடைபோகாதவன், இரவு மெஸ்ஸுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அறைக்குச் சென்று விசாரித்தேன். “சார், ஸ்டேட்டஸ் பூரா ஆஃபர் லெட்டர்தான். பாக்கவும் முடியல, பாக்காம இருக்கவும் முடியல” என்றான். முந்திய ஆண்டு அதேபோலப் படம் போட்டு வாழ்த்துக்களை வாரிக்கொண்ட ஒருவன், படிப்பு முடிந்தும் ‘ஜாயினிங் டேட்’ வராமல் ஆவடியில் அறை எடுத்துத் தங்கி, அவ்வப்போது என்னிடம் வந்து புலம்பிவிட்டுப் போவான். அந்தப் புலம்பலை எவரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை அல்லவா? இருவரையும் டீக்கடையில் சேர்த்து உட்காரவைத்தேன். இளையவன் மறுபடி மெஸ்ஸுக்கு வரலானான், ஸ்டேட்டஸ் பார்ப்பதை விட்டானில்லை என்றாலும்.

பிறர் ஸ்டேட்டஸைப் பார்த்துப் பிள்ளைகளின் மனம் சோர்கிறது என்பதை ஒரு கிழவனின் அபிப்பிராயமென்று தள்ளிவிடாதீர்கள். 2004 பிப்ரவரியில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஃபேஸ்புக் பிறந்தபோது அது எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. கல்லூரி கல்லூரியாக, ஒன்றுக்கு முந்தியும் மற்றொன்றுக்குப் பிந்தியுமாகப் பரவி, 2006 செப்டம்பரில்தான் பொதுஜனங்களை எட்டியது. எந்த விஞ்ஞானியும் திட்டமிடாத இந்தப் பரிசோதனையைப் பிராகியேரி, லெவி, மகாரின் என்னும் மூன்று பொருளியல் அறிஞர்கள் கண்டுகொண்டு, ஃபேஸ்புக் நுழைந்துவிட்ட கல்லூரிகளின் மாணவர்கள் தம் மனநிலை பற்றி அளித்த பதில்களை, அது இன்னும் நுழையாத கல்லூரி மாணவர்களின் பதில்களோடு ஒத்துப்பார்த்து, 2022-ல் வெளியிட்டனர். என்ன அழகான யுக்தி, பாருங்கள்! ஃபேஸ்புக் வந்த இடங்களில் மனச்சோர்வு கூடியிருந்தது; அதன் அளவு, வேலையை இழந்தவரின் மனநலம் அடையும் பாதிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு; அதற்கு அவர்கள் சுட்டும் காரணமோ, பிறர் வாழ்வோடு தன் வாழ்வை ஒப்பிட்டுக் குமையும் சுபாவம். அந்நாளில் ரீல்ஸ் இல்லை. லைக் பொத்தானே 2009-ல்தான் வந்தது.

ஃபோனைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. பரீட்சை முடிவும் பாடக்குறிப்பும் அதில்தானே வருகின்றன! பென்சில்வேனியா சர்வகலாசாலையில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிஷமாக மூன்று வாரம் குறைத்துக்கொண்ட மாணவர்களின் தனிமையுணர்ச்சி தணிந்ததென்று ஆய்வாளர்கள் 2018-ல் எழுதினார்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம், எந்த நேரத்திலும், தமிழில், பெற்றோரும் குறித்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளுக்கென நம் அரசு தொடங்கிய ‘மனம்’ என்னும் மனநல நல்லாதரவு மன்றம் போன்றதொன்று எங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும், அடுத்த ஆண்டுக் கம்பெனிகள் வந்து இறங்குமுன், அமையுமென நம்புகிறேன்.